மஞ்சப்பையில் இருபது பேர்

ஊரை விட்டு வெளியே நான் தங்கப் போனது மூன்று முறைதான். ஒரு தடவை திருப்பதி, ஒரு தடவை தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி, இப்போது ஓசூர்ப் பக்கம் ராயக்கோட்டை. முதல் இரண்டுக்கும் கூட்டத்தோடு போனேன், வாயைத் திறக்க வேண்டி வரவில்லை. இந்தத் தடவை தனியாகப் போனேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் தங்கை மகள் சுபா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடாத டாக்டர். எங்கள் மன்னார்குடித் தெருவில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. லீவுக்கு வந்தால் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்காக அவள் ராயக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தங்கைக்குக் கண்ணில் ஆபரேஷன். "அந்தக் குளிர்ல பிரெட்டத் தின்னுட்டுக் கெடக்குறாக்கா, ஒரு வாரம் போயி சோறாக்கிப் போடேன்" என்றாள். தலையை ஆட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் பனி என்றால் விடிகாலையோடு சரி. இங்கே பத்து மணிக்கும் ஆண்கள் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிறார்கள். ஊருக்கு மேலே மலை, மலைக்கு மேலே கோட்டை. கோட்டையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தக்காளி லாரி மேலேயே இருந்தது.

அன்றைக்கே சுபாவிடம் கேட்டேன், நீ என்னதான் படிக்கிறாய் என்று. "காய்ச்சல் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு எப்படிப் போகுதுன்னு கணக்குப் போடறது, பெரியம்மா" என்றாள். ஒரு தாளில் புள்ளிகள் வைத்தாள். ஒரு புள்ளி ஒரு ஆள். இரண்டு பேர் கிட்டத்தில் இருந்து பேசினால் நடுவே ஒரு கோடு.

"எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரி சந்திக்கறதா வச்சுக் கணக்குப் போட்டா தப்பா வரும். சில பேருக்கு ரெண்டு கோடு இருக்கும். சில பேருக்கு நாப்பது இருக்கும்."

"நாங்க படிச்சப்ப பேன் பரவுன மாதிரி" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் வகுப்பில் எல்லார் தலையிலும் பேன். வாத்தியார் ஒவ்வொரு பெஞ்சாக எட்ட எட்டப் பிரித்து உட்காரவைத்தார். குறையவில்லை. பிறகுதான் தெரிந்தது, சரோஜா என்று ஒருத்தி மத்தியானத்தில் எல்லாருக்கும் பின்னி விடுவாள், ஒரே சீப்பு. அவளுக்கு எண்ணெய் வைத்து வாரிய பிறகு எல்லாருக்கும் போயிற்று.

"இதைத்தான் நான் நூறு பக்கத்துல எழுதிட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

அவள் சிரித்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் புள்ளியையும் கோட்டையும் பார்த்ததும் வேறொரு வாரம் ஞாபகம் வந்தது. சுபாவின் அப்பா கொரோனாவில் போனவர். அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்கு அதிரசம் கொண்டு போயிருந்தேன். எனக்கு இருமல் இருந்தது. மிளகுக் கஷாயத்தில் போகிற இருமல் என்று நினைத்தேன். போகவும் போயிற்று. நான் வந்த நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். இதை நான் தங்கையிடமும் சொன்னதில்லை, கோயிலிலும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

திங்கட்கிழமை சுபா என்னைத் தக்காளி மண்டிக்குக் கூட்டிப் போனாள். ஷகிலா என்ற அம்மாளின் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்று மூன்று பாஷையில் அதட்டுகிறார். லாரிக்காரரிடம் கன்னடம், வேலைக்காரப் பெண்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து பழத்தைத் தரம் பிரிக்கிறார்கள். கல் மாதிரி இருப்பது தூரத்து ஊருக்கு, கனிந்தது பக்கத்துச் சந்தைக்கு, வெடித்தது மாட்டுக்கு. நான் இரண்டு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

இவர்களில் பாதிப் பேரின் மகள்கள் ஓசூர் தாண்டி ஜூஜூவாடியில் கம்பெனி வேலை. ஹாஸ்டலில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்கள். அங்கே ஒரு காய்ச்சல் வந்தால் இங்கே எத்தனை நாளில் வரும், யார் வழியாக வரும் என்பதுதான் சுபாவின் கேள்வி. அதற்கு அவளிடம் சின்ன டப்பிகள் இருந்தன. தீப்பெட்டி அளவு, வெள்ளை நிறம், கழுத்தில் மாட்ட நாடா. இரண்டு பேர் கை எட்டும் தூரத்தில் எதிரெதிரே நின்றால் இரண்டு டப்பியும் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளுமாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு நாள்தான். சனிக்கிழமை திருப்பி அனுப்பிவிட வேண்டும், வேறு ஊர்ப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை கிடைக்க ஒரு வருஷமாகும். அதற்குள் அவள் புத்தகத்தை முடித்தாக வேண்டும். இந்த நாலு நாள் கணக்கு இல்லையென்றால் கடைசி அத்தியாயம் இல்லை.

மத்தியானம் அந்தப் பெண்கள் எனக்கும் ராகிக் களி வைத்தார்கள், அவரைக்கொட்டைக் குழம்போடு. நான் சோறு மாதிரி மென்றேன். லட்சுமம்மா என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, மெல்லக் கூடாது! முழுங்கணும்!"

"பல்லுல ஒட்டிக்கிச்சுன்னா ராத்திரிக்குத்தான் வரும்" என்றார் ஷகிலா.

செவ்வாய்க்கிழமை காலை சுபா இருபது பேர் கழுத்திலும் டப்பியை மாட்டினாள். ஆராய்ச்சி விஷயம் எல்லாம் சொன்னாள். ஆனால் முடிவாக அவள் சொன்னது ஒன்றைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "பத்திரம். தொலைஞ்சா நான் பதில் சொல்லணும். ரொம்ப பத்திரம்." என்னிடம், "நீங்க சும்மா ஒக்காந்து பாத்துக்குங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, மீதி டப்பிகளோடு ஜூஜூவாடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வேலை தொடங்கியது. குனிந்தால் டப்பி பெட்டிக்குள் போய் விழுகிறது. தக்காளிச் சாறு சொட்டுகிறது. லட்சுமம்மா முந்தானையால் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தாள். பிறகு கழற்றி என் மடியில் வைத்து, தெலுங்கில் ஏதோ சொன்னாள். பத்திரம் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. நான் தலையாட்டினேன். அடுத்தவள் வந்தாள். தலையாட்டினேன். அரை மணியில் இருபதும் என் மடியில். துண்டில் சுற்றி என் மஞ்சப்பையில் போட்டு, பையை மடியோடு அணைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சுபா வருவதற்குள் எல்லார் கழுத்திலும் திரும்ப மாட்டிவிட்டேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"எல்லாம் சரியா இருந்துச்சா பெரியம்மா?"

தலையாட்டினேன்.

புதன்கிழமையும் அப்படியே. பத்து மணிக்குச் சுபா போனில் கூப்பிட்டாள். "லேப்டாப் ஒயர அறையிலயே மறந்துட்டேன். கொண்டாந்து தர முடியுமா? ஓசூர் வந்து அத்திப்பள்ளி பஸ் ஏறுங்க. ஜூஜூவாடியில எறங்கணும், கண்டக்டர்கிட்ட சொல்லி வைங்க." ஒயரை எடுத்துக்கொண்டேன். பையையும் எடுத்துக்கொண்டேன். இருபது பேர் நம்பிக் கொடுத்ததை எங்கே விட்டுவிட்டுப் போவது?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் பேசுவதைப் போல இன்னொருத்தர் பேசவில்லை. திருநெல்வேலிப் பேச்சு காதில் விழுந்தது, இந்தி விழுந்தது, எங்கள் பக்கத்துப் பேச்சும் ஒன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கம்பெனிச் சட்டை போட்ட பெண், போனில் அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட்.

பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி வைக்கவில்லை. அவர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார், இரண்டு தடவையும் பையைச் சரிசெய்துகொண்டேன். ஜூஜூவாடி போர்டு ஜன்னலில் தெரிந்தது. பஸ் நின்றது. எனக்கும் வாசலுக்கும் நடுவே எட்டுப் பேர். "எறங்கணும்" என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் வழிவிட்டிருப்பார்கள். பஸ் நகர்ந்தது. செக்போஸ்ட் போயிற்று. போர்டுகளில் எழுத்து மாறியது, எல்லாம் வட்ட வட்டமாக. நான் படித்த அஞ்சாம் வகுப்பு அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

அத்திப்பள்ளியில் இறங்கி, ஒரு இட்லிக் கடை ஓரம் நின்றேன். தட்டு அளவு இட்லி, சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் இதைப் பாயசக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பசிக்கு இரண்டு சாப்பிட்டேன். பக்கத்தில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி என் பையைப் பார்த்தாள். துண்டு விலகி டப்பிகள் தெரிந்தன. கையை விட்டு ஒன்றை எடுத்து, கன்னடத்தில் கேட்டாள். அதன் விலை கேட்கிறாள் என்று கடைக்காரர் தமிழில் சொன்னார்.

"விக்கிறது இல்லைங்க" என்றேன்.

அவர் அதைச் சொன்னதும் அவள் இன்னொன்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். "எந்தக் கோயில் தாயத்துன்னு கேக்குறாங்க. பேரனுக்கு அடிக்கடி காய்ச்சலாம், இதக் கட்டினா நிக்குமான்னு கேக்குறாங்க."

"இன்னும் தெரியலைங்க, பாத்துட்டிருக்காங்க" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது சரியான பதில்தான்.

அந்த அம்மாளே என் கையைப் பிடித்து ஓசூர் பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடம் உரக்க ஒன்று சொன்னாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கைப் பெண் எனக்கு அர்த்தம் சொன்னாள்: "இந்தம்மாவ ஜூஜூவாடியில எறக்கு, இவங்க வாயத் தொறக்க மாட்டாங்க, நீயா பாத்து நிறுத்து." டிரைவர் பார்த்து நிறுத்தினார். ஒயரைக் கொடுத்துவிட்டு, நாலரை மணிக்கு மண்டிக்குத் திரும்பி, டப்பிகளை மாட்டிவிட்டேன். அத்திப்பள்ளி போனதைச் சுபாவிடம் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சுபா டப்பிகளை அறைக்கு வாங்கி வந்து இரண்டு நாள் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "பெரியம்மா!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். திரையில் இருபது புள்ளிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கருப்பாக ஒரு உருண்டை.

"ரெண்டு நாளும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு நிமிஷம்கூடப் பிரியல! எழுந்து தண்ணி குடிக்கக்கூடப் போகல போல. சந்தேகமாத்தான் இருக்கு, ஆனா இருபதும் ஒரே மாதிரி காட்டுதே. இங்க ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா அன்னிக்கே இருபது பேருக்கும் வந்துரும். மண்டிய மூடுன்னுதான் எழுதணும்."

ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சாருக்குப் போன் போட்டு, நாளைக்குப் படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னாள். அப்படிச் சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை, அவள் அப்பா போன பிறகு.

எனக்கு அந்த உருண்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது மண்டி இல்லை. என் பை. துண்டில் சுற்றி, மடியோடு அணைத்து, கர்நாடகம் வரை போய்வந்த என் மஞ்சப்பை. தண்ணீர் குடிக்க எழுந்திருக்காதவள் நான். மண்டியை மூடு என்று எழுதினால் ஷகிலா என்ன செய்வார், லட்சுமம்மா எங்கே போவாள்? சொல்லலாம் என்று இரண்டு தடவை அடுப்படியிலிருந்து வந்தேன். இரண்டு தடவையும், "உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு தடவை அதிரசம், ஒரு தடவை டப்பி. பாசத்தோடு கொண்டு போகிற எல்லாம் என் கையில் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். "சுபா, ரெண்டு நாளும் டப்பி எல்லாம் என் பையில்தான் இருந்தது. அவர்கள் மேல் தப்பு இல்லை." பேனாவை மூடப் போனேன். கை மூடவில்லை. கீழே எழுதினேன். "அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எனக்கு இருமல் இருந்தது." அவள் டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

பிறகு அவள் வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கையில் தாள்.

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

"அத்தன டப்பியும்?"

"பத்திரம்னு சொன்னியேம்மா."

முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகைதான், நடுவிலே சிரிப்பும் இருந்தது. "நான்தான் கழட்டாதீங்கன்னு சொல்லல. பத்திரம் பத்திரம்னு அதத்தான் பத்து தடவ சொன்னேன்." பிறகு தாளின் கீழ் வரியில் விரலை வைத்தாள்.

"நீங்க வந்தது எனக்குத் தெரியும் பெரியம்மா. அந்த வாரம் வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாங்க, அப்பா எங்கெல்லாம் போனாருன்னு அப்பவே ஒரு நோட்டுல எழுதினேன். பதினோரு பேரு வந்தீங்க. அப்பா ரெண்டு சாவுக்குப் போனாரு. ரேஷன் கடையில நின்னாரு. படம் போட்டுப் பாத்தேன். அதுலேர்ந்துதான் இந்தப் படிப்புக்கே வந்தேன்."

"அப்ப யாருன்னு தெரிஞ்சுதா?"

"அந்தப் படத்துல கோடு மட்டும்தான் இருக்கு. அம்புக்குறி கெடையாது. உங்ககிட்டேர்ந்து அவருக்கு வந்துச்சா, அவருகிட்டேர்ந்து உங்களுக்கு வந்துச்சா, ரெண்டுமே இல்லையான்னு சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்யவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்றாள். அது என்னால் நம்ப முடிந்தது. அதற்கு முந்தின வாரமும் அவரைப் பார்த்திருக்கிறேன். அந்த இருமலே அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சுபா எழுந்து முகம் கழுவி, சாருக்குப் போன் போட்டு, நேற்றுச் சொன்னது தப்பு என்றாள். போன் வைத்ததும், "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் ஹாஸ்டல்ல இருந்தாகணும். மண்டியில நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

"நானா?"

"உங்ககிட்டதான குடுத்தாங்க."

மண்டியில் இருபது பேர் முன்னால் நின்றேன். சரோஜாவின் சீப்புக் கதையைச் சொன்னேன். லட்சுமம்மா அதைத் தெலுங்கில் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்கள். "அந்தச் சீப்பு யாருன்னு பாக்கத்தான் இந்த டப்பி. என் பையில இருந்தா என் பையத்தான் காட்டும்" என்றேன்.

லட்சுமம்மா கேட்டாள். "அக்கா, நெசமா சொல்லுங்க. யாரு வேல செய்யறா, யாரு பேசிகினு கீறான்னு இது ஓனரம்மாவுக்குச் சொல்லாதா?"

அப்போதுதான் தெரிந்தது, சாற்றுக்குப் பயந்து மட்டும் அவர்கள் கழற்றவில்லை என்று.

ஷகிலா கணக்கு மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "அதுக்கு எதுக்குடி மிஷினு? ஒன் கொரலு கோட்டை வரைக்கும் கேக்குது. பேசு, யாரு வேணாங்கறா? கையி ஓடினா போதும்."

சாறு படாமலிருக்க அவரே மெல்லிசு பிளாஸ்டிக் பை ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். குனிந்தால் தொங்காமலிருக்கத் தோளில் குத்த வேண்டும். ஊக்கு? யாரும் தேடவில்லை. இருபது கை இருபது கழுத்துக்குப் போயிற்று. தாலிக் கயிற்றில் ஆளுக்கு இரண்டு மூன்று கோத்து வைத்திருந்தார்கள். கழற்றிக் குத்திக்கொண்டார்கள். ஒரு வளையலில் இருந்த ஊக்கு என் தோளுக்கும் வந்தது, லட்சுமம்மா குத்திவிட்டாள். எனக்கு டப்பி இல்லை, வெறும் ஊக்குதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த படம் வேறு மாதிரி இருந்தது. நாலைந்து சின்னக் கூட்டம், நடுநடுவே ஒற்றைக் கோடு. எல்லாக் கூட்டத்துக்கும் போகிற புள்ளி ஒன்று இருந்தது. தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிற பெண். எல்லாரும் அவள் கை டம்ளரிலேயே குடிக்கிறார்கள். மண்டியை மூட வேண்டியதில்லை, ஆளுக்கொரு டம்ளர் வைத்தாலே பாதி குறையும்போலத் தெரிகிறது என்றாள் சுபா. ஷகிலா மறுநாளே வாங்கி வைத்தார். யாருடையது எது என்று தெரியாமல் அதற்கு ஒரு சண்டை நடந்ததாகக் கேள்வி.

இரண்டு நாள் கணக்கு குறைவுதான், ஆனால் நிஜம், எழுது என்று சார் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாளை ஏன் தள்ளினேன் என்றும் அதில் எழுத வேண்டுமாம். என் பெயர் வருமா என்று பயந்து கேட்டேன். "இல்ல பெரியம்மா. 'கருவிகள் ஒரே பையில் வைக்கப்பட்டிருந்தன'ன்னு மட்டும் போட்டிருக்கேன்."

ஊருக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்ட அந்தப் படத்தை அச்செடுத்துக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள், கொடுத்தாள். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஊக்கால் குத்தி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள். தூக்கணாங்குருவிக் கூடா, நூல்கண்டா என்று கேட்கிறார்கள்.

போன வாரம் தங்கை வந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இது என்னக்கா என்றாள். உட்காரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, முதலில் அதிரசத்திலிருந்து தொடங்கினேன்.